தொண்ணூறைத் தொட்ட முள்

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இன்ஜினியர். பெரியப்பா மகன் பிரபு அண்ணன் நாற்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்திருந்தார். போன மே மாதம் அதில் தாராபுரம் கிளம்பினோம்.

அவிநாசிபாளையம் தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் தொண்ணூறு டிகிரியைத் தொட்டது. பட்டறையில் நாங்கள் துணிக்குச் சாயம் ஏற்றுவதே அறுபதில்தான். பதறிவிட்டேன்.

"அண்ணா, நிறுத்துங்க! இன்ஜின் கொதிக்குதுங்க!"

"அது அப்படித்தான் ஓடும் அம்மணி."

நான் விடவில்லை. அவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். உள்ளே தண்ணீர் சுற்றுவதும் நின்றதால், முள் நூறை நோக்கி ஏறியது.

சாயத் தொட்டியின் மூடியைத் திறந்து நிறம் பார்க்கும் பழக்கத்தில், பனியன் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங்க இன்ஜினியரம்மா, மூஞ்சி வேண்டாமாக்கும்? திறந்தா கொதிதண்ணி பீறிட்டு அடிக்குமுங்க!"

அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினோம். முள் தொண்ணூறுக்கு ஏறி நின்றது. தாராபுரம் வரை அசையவில்லை. என் முழங்காலுக்கு முன்னால் இடைவிடாமல் பெட்ரோல் வெடித்துக்கொண்டிருக்க, அத்தனை நெருப்பையும் ஒரே அளவில் வைத்திருந்த அந்தப் பழைய இரும்பை நினைத்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எந்த இயந்திரத்துக்கும் என் நோட்டில் முதல் வரி, 'இதற்கு இயல்பான சூடு எவ்வளவு?' இரண்டாவது, 'ஆறும்வரை மூடியைத் தொடாதே.' மூன்றாவது வரியை அண்ணனே எழுதினார்: 'ஓட்டுகிறவன் சொன்னால் கேள்.'