ஊற்றைக் கெடுத்த மஞ்சள் கல்

நாகலூர் பக்கம் எங்கள் சின்னக் காப்பித் தோட்டத்தில் தண்ணீர் என்றால் ஒரே ஒரு பாறை ஊற்றுதான். குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைக் கெடுத்தவர் என் வீட்டுக்காரர். எழுபதுகளின் கடைசியில் நடந்தது.

ஊற்றுக்கு மேலே கரும்பாறையில் ஒரு வெள்ளைக்கல் ரேகை ஓடும். மழையில் மண் சரிந்தபோது அதில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. அவ்வளவுதான், மனுஷனுக்குத் தங்கப் பித்துப் பிடித்துவிட்டது. சேர்வராயன் கோயிலுக்குப் போய், தோண்டலாமா என்று பூக் கேட்டார். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்று இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. வெள்ளைதான் வந்து தொலைத்தது.

சேலத்துக் கல்லூரி வாத்தியார் ஒருவர் அந்தப் பக்கம் பாறை பார்க்க வந்திருந்தார். நான்தான் கூப்பிட்டுக் காட்டினேன். சுத்தியலால் தட்டி மூக்கருகே நீட்டினார். பட்டாசு வெடித்த வாடை.

"எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கடியில இருந்து சுடுதண்ணி இந்த விரிசல்ல ஏறியிருக்குங்க. அதுல கரைஞ்சிருந்ததுதான் இப்படிக் கல்லாப் படிஞ்சிருச்சு. மஞ்சளா இருக்கறது இரும்பும் கந்தகமுங்க. ஒடச்சுப் போட்டா மழைத்தண்ணி பட்டு ஊத்தே கெட்டுப்போயிரும். மண்ணப் போட்டு மூடிருங்க."

"ஏனுங்க, கேட்டீங்களா?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"சாமி வாக்கை விட வாத்தியார் நொம்பப் பெருசா? நீ சும்மா இரு புள்ள."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். ஊற்றின் தலைமாட்டிலேயே குழி தோண்டி, உடைத்த கல்லையும் அங்கேயே குவித்தார். தங்கம் ஒரு குன்றிமணி இல்லை. ஐப்பசி மழை பெய்ததும் ஊற்றில் செம்பழுப்பாகச் சளி மாதிரி வழிந்தது. வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. சீ, மாட்டுக்கு இருந்த அறிவு! குழியை மூடிப் பார்த்தோம், தெளியவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து எஸ்டேட் குழாயிலிருந்து குடம் குடமாக நான்தான் சுமந்தேன்.

தை மாதம் அவருடைய அக்கா வந்தார். ஊற்றுக் கெட்ட சேதி அதற்குள் அக்கா ஊர் வரைக்கும் போயிருந்தது. பஸ்ஸை விட்டிறங்கி மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது. இவரே சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினார்.

"எஸ்டேட் குழாத் தண்ணிதான்க்கா, குடி."

அக்கா சொம்புக்குள் பார்த்தார். காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.

"வேண்டாஞ்சாமி. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."