ரேடியேட்டரில் கேப்பை மாவு

அய்யா அந்தக் காரை வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது, காருக்குப் பதினொன்று. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன சின்னக் கார் அது. வருஷக்கணக்கில் மலை ஏறி இறங்கியே அதன் உயிர் பாதி போயிருந்தது. மீதிப் பாதியைத்தான் அய்யா விலைக்கு வாங்கினார்.

அதுவரை எங்களுக்கு இரண்டு மாட்டுவண்டிகள் இருந்தன. சனிக்கிழமைதோறும் தேனியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களைக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு வருவதுதான் பிழைப்பு. வண்டி நான்கு மணி நேரத்தில் போகிற தூரத்தைக் கார் ஒரு மணியில் போய்விடும் என்று கணக்குப் போட்டு, மாடுகளையும் வண்டிகளையும் விற்றுவிட்டுக் காரோடு வந்து நின்றார் அய்யா. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம், "சாமி கும்பிடப் போறவக நடுவுல, எங்க வீட்ல சனியன வெல குடுத்து வாங்கியாந்திருக்காக" என்றாள்.

முதல் மாதமே ஸ்டார்ட் பண்ணச் சுற்றும் இரும்புக் கைப்பிடி திருப்பி அடித்து அய்யாவின் மணிக்கட்டு வீங்கியது. அதற்குச் செலவில்லாத வைத்தியம் போதுமாக இருந்தது. பிறகு வந்தவை அப்படியல்ல. டைனமோ போயிற்று. பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கக்கியது. பிரேக் பிடித்தால் நிற்காது, நின்றால் கிளம்பாது. சாமான் மதுரையிலிருந்து ரயிலில் வரவேண்டும். அதற்குப் பணம் அக்காவின் கல்யாணத்துக்கென்று செய்து வைத்திருந்த நகைகளிலிருந்து வந்தது. டைனமோவுக்குக் காசுமாலை, ரிங்குக்கு வளையல், டயருக்கு ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின. எந்த நகை காரில் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அம்மா விரல்விட்டுச் சொல்வாள்.

அக்காவுக்குப் பதினேழு வயது. பெரியகுளத்தில், தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று அவர் பெண்ணைப் பார்த்ததைவிடக் காரைத்தான் அதிகம் பார்த்தார். ஏதோ ஒழுகுகிறதென்று கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு கீழே படுத்து, எண்ணெய்க் கறையோடு எழுந்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆவணியில் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றினார்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் கூட்டம் அலைமோதும். ஆடி மாதம் முழுக்கக் கார் ஓடினால் நகைகளை மீட்டுவிடலாம், கல்யாணமும் நடந்துவிடும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் பேசவில்லை.

ஆடி முதல் சனிக்கிழமையே, என்ஜின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றி வைக்கிற ரேடியேட்டர் ஒழுகியது. வழியில் லாரிக்காரர் ஒருவர் சொன்னாரென்று ஒரு பிடி கேப்பை மாவைக் கரைத்து அய்யா உள்ளே ஊற்றியிருக்கிறார். ஒழுகல் நின்றுவிட்டது. "நம்ம கேப்பைக்கு முன்னாடி சீமைக் கம்பெனி என்ன செய்யும்!" என்று வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு பிடிதான் போட்டேன் என்பதை மட்டும் அவர் அத்தனை சத்தமாகச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சொட்டியது. ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைத்தே ஆகவேண்டும் என்று தேனி மெக்கானிக் சொல்லிவிட்டார். அக்காவின் கழுத்தில் கிடந்த ஒற்றைச் சங்கிலிதான் மிச்சம். நாளைச் சவாரி முடிந்ததும் இதை அடகு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கழற்றி மாடத்தில் வைத்தாள். அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. விடியும் முன் எழுந்து, பானையிலிருந்து ஒரு படி கேப்பை மாவை எடுத்துப் போய், விளக்குமாற்றுக் குச்சியால் குத்திக் குத்தி ரேடியேட்டருக்குள் இறக்கினேன். ஒரு பிடிக்கு ஒரு வாரம் தாங்கியதென்றால் ஒரு படிக்கு ஆவணி வரை தாங்காதா?

அன்று காலை வண்டி கொஞ்சமாகத்தான் தண்ணீர் குடித்தது. ஒழுகல் தானாக நின்றுவிட்டதென்று அய்யா சந்தோஷமாகக் கிளம்பினார். தேனியில் ஆள் ஏற்றித் திரும்பும்போது வீரபாண்டி தாண்டியதும் ஆவி கிளம்பியிருக்கிறது. சனி ஓரைக்குள் கோயிலுக்குப் போகவேண்டும் என்று வந்தவர்கள் அவசரப்படுத்த, இவரும் நிறுத்தாமல் விரட்டியிருக்கிறார். உள்ளே ஏதோ வெடித்து வண்டி நின்றது. வந்தவர்கள் நடந்து போனார்கள். காரை ஒரு மாட்டுவண்டி இழுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து ரப்பர் குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து கறுப்பாக, வெந்த களி உருண்டை உருண்டையாக விழுந்தது. மூன்று பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

"அண்ணே, உங்க வீட்ல யாரோ இதுக்குள்ள களி கிண்டியிருக்காக" என்றார் அவர். "ஹெட்டு வெடிச்சிருச்சு. பிளாக்கும் போச்சு. இனி இதுக்குச் செலவழிக்கிறது வீணுண்ணே."

அம்மா உள்ளே போய் மாவுப் பானையைப் பார்த்துவிட்டு வந்தாள். அய்யா மாடு வைத்திருந்த காலத்துச் சாட்டையை எடுத்தார். "யாரு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். முந்தின நாளிலிருந்து மாற்றாத என் பாவாடை ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். என்னைத் தன் பின்னால் தள்ளிவிட்டு முன்னே வந்தாள்.

"நாந்தான் அய்யா போட்டேன்."

கல்யாணத்துக்கு நிற்கிற பெண்மேல் சாட்டையை ஓங்க அவருக்குக் கை வரவில்லை. "ஏன் ஆத்தா?" என்றார். அவள் குனிந்து கீழே கிடந்த களியை அள்ள ஆரம்பித்தாள். மெக்கானிக் அய்யாவையும் அக்காவையும் பார்த்துக்கொண்டே ஸ்பானர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தேனிக்குப் போன பேச்சு பெரியகுளத்துக்குப் போவதற்குள் கைகால் முளைத்துவிட்டது. பெண்ணுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை, கல்யாணத்தை நிறுத்தத் தானே காரைக் கெடுத்துவிட்டாள் என்று அங்கே போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம்பூலத் தட்டோடு வந்தார். "பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்றாக. கட்டாயப்படுத்திக் கட்டுறது நல்லாருக்காது" என்றார். அய்யா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவளே முன்னே வந்து தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அடுத்த தையில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், இரண்டு குழந்தைகளோடு மனைவியை இழந்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

தட்டு திரும்பி வந்த மறுநாள் காலை அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. குனிந்தபடியே ரகசியமாகக் கேட்டேன்.

"நீ எம்புட்டு மாவு போட்டக்கா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடியும் பின்ன ஆரம்பித்தது.

"நீ போட்டதவிடக் கொஞ்சம் கூடத்தான்" என்றாள்.

அப்படியானால் பெரிய தப்பு அவளுடையதுதான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று மத்தியானம் நான் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.