கடைசி வரிசையில் விழுந்த ஆணி டின்

போன புதன்கிழமை எங்கள் துறையின் பழைய தகரக்கூரை மண்டபத்தைக் காலி செய்தோம். பின்பக்கச் சரிவில் வெடிப்பு ஓடியிருக்கிறது, இனி இங்கே யாரும் வகுப்பெடுக்கக் கூடாது என்று உத்தரவு. பதுளையில் மழை பிடித்துவிட்டால் மண் எப்போது நகரும் என்று மண்ணுக்கே தெரியாது. மண்ணியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் நானே சொல்கிறேன், நம்பலாம். எல்லோரும் ஆளுக்கு இரண்டு நாற்காலியாகத் தூக்கி வராந்தாவில் அடுக்கினோம். அப்போதுதான் கடைசி வரிசை நாற்காலி ஒன்று என் கைக்கு வந்தது. எழுதும் பலகை உடைந்து, நீல நாடா சுற்றியிருந்தது. அதைத் தூக்கிய கையோடு எனக்கு அந்த யோசனை பிடித்தது.

எனக்கு யோசனை வருவது காய்ச்சல் வருவது போலத்தான், தொட்டாலே சுடும். நாற்காலியை இறக்கி வைப்பதற்குள் முழுத்திட்டமும் தயார். துறைக் கூட்டம் தொடங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து நின்று, தனக்கு உதவிய சக ஊழியரின் பெயரையும் அவர் செய்த உதவியையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். பரிசு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். பெயர் மட்டும். தேநீரோடு கேக் கொடுப்பதா சூசியம் கொடுப்பதா என்றுகூட அந்த வராந்தாவிலேயே முடிவெடுத்துவிட்டேன். சூசியம்தான்.

மறுநாள் கூட்டத்தில் சொன்னேன். துறைத் தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை ஒப்பந்த நீடிப்பு பற்றிப் பேச இன்னொரு கூட்டம் இருக்கிறதல்லவா, அதில் நீங்களே முதலில் தொடங்குங்கள் என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த நஸ்ரின் மட்டும் தன் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஸ்ரினும் என்னைப் போலத் தற்காலிகம்தான். பண்டாரவளையில் அவள் வாப்பாவுக்கு ஆணி, பூட்டு, சங்கிலி விற்கும் கடை. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இந்த முறை நீடிப்பு கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் இருவரும் மத்தியானச் சோற்றை ஒரே மேசையில்தான் பிரிப்போம். அவள் வீட்டுக் கருவாட்டுக்கு என் வீட்டுக் கீரை ஈடாகாது. ஆனாலும் கணக்குப் பார்க்கமாட்டாள்.

அந்த நீல நாடா நாற்காலி அவளுடையது. ஏன் அவளுடையது என்று சொன்னால், நண்பரே, என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை.

என் முதல் விரிவுரை அந்தத் தகரக்கூரையின் கீழேதான். அதற்கு முந்தின நாள் முழுக்க என் அறையில் மிளகாய்ச் செடித் தொட்டிகளுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். செடிகள் மிக நல்ல மாணவர்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அத்தனை முகங்கள். பெரிய பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூன்றாவது வாக்கியத்தில் என் தொண்டை பூட்டிக்கொண்டது. சொல் இருக்கிறது, வாய் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எதுவோ இறங்கி அடைத்துவிட்டது. கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. இப்போது யாராவது ஒரு பிள்ளை சிரிக்கப் போகிறது, அதோடு என் கதை முடிந்தது, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டிலிருந்து வந்தவள் அங்கேயே திரும்பிப் போய்விட வேண்டியதுதான் என்று நின்றேன்.

அந்த நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு பெரிய சத்தம். தகரம் சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டு, உள்ளேயிருந்த பேனாக்கள் எல்லாம் சிதறின. மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஏதோ சாவி வாங்க வந்து உட்கார்ந்திருந்த நஸ்ரின், குனிந்து நிதானமாக ஒவ்வொரு பேனாவாகப் பொறுக்கினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். மூச்சு வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

அவளுடைய பேனாப் பெட்டி, வாப்பாவின் கடையில் ஆணி போட்டு வைத்திருந்த பழைய டின்.

"பிளாஸ்டிக் பெட்டி விழுந்தா யாருக்குக் கேக்கும்? இந்த டின்னு விழுந்தா செத்துக் கெடக்கிற மையத்துக்கூட எழும்பும்" என்றாள் பிறகு.

அதற்குப் பிறகு என் விரிவுரை ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. என் குரல் சிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். நான் வலது காதை இழுக்கத் தொடங்குவேனாம். டின்னை அடிக்கடி போட முடியாது என்பதால் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சின்னப்பிள்ளைக் கேள்விகள். மண் ஏன் சிவப்பாக இருக்கிறது? மழைத் தண்ணீர் எங்கே போகிறது? பட்டப்படிப்பில் முதல் வகுப்பு வாங்கியவள், கையை உயர்த்திக்கொண்டு கேட்பாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொண்டு மூச்சு வாங்குவேன்.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளிடம்கூட நன்றி என்று வாயால் சொன்னதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

வியாழக்கிழமை அந்தக் கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலே நான் பக்கத்து அறைக்குள் நுழைந்துவிடுவேன். நல்ல மனிதர்தான், பாவம், பயம் என்னுடையது. கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளில் நஸ்ரினைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே குறை வந்திருக்கிறதாம். உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து குழப்புகிறாராம், அடிப்படை விஷயங்களே தெரியாமல் கேள்வி கேட்கிறாராம். திங்கட்கிழமை முடிவெடுக்க வேண்டும், உங்கள் வகுப்பில் நடந்தது என்பதால் உங்களிடம் கேட்கிறேன், உண்மையா?

நான் காதை இழுத்தேன். அந்த அறையில் கடைசி வரிசை இல்லை. டின் விழவில்லை. தொண்டை பூட்டியது பூட்டியதுதான். நான் சக ஊழியரைக் காட்டிக்கொடுக்கக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "பயம் வேணா மிஸ், யோசிச்சி சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வராந்தாவில் எல்லோருடைய குடைகளும் நனைந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. நனைந்த துணியின் புளித்த வாடை. அந்த வாடை என்னைப் பிடித்து நேராகப் பெரட்டுக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது. பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். முந்தின நாள் மழை அந்தச் சாக்கில் இன்னும் இருக்கும். அதே புளித்த வாடை. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, விரட்டிவிடுவார்கள். என்னைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வர வேண்டியிருந்ததால் அம்மா அடிக்கடி பிந்துவாள். அம்மாவின் பெயர் வரும்போது பக்கத்து லயத்துப் பாக்கியம் பெரியம்மா வரிசையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"பின்னால வாராங்கய்யா, இந்தா, படியில ஏறுது."

படியில் யாரும் ஏறியிருக்கமாட்டார்கள். கணக்கப்பிள்ளை இரண்டு தரம் இருமி, அடுத்த பெயருக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா மூச்சிரைக்க வந்து வரிசையில் நுழைந்துவிடுவாள். எங்கள் தோட்டத்தில் பிந்தி வருகிற எல்லோருக்கும் இப்படி ஒரு குரல் இருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நன்றியும் சொல்லமாட்டார்கள். நன்றி சொன்னால் அது காதுக்குக் காது போகும், போனால் இரண்டு பேருக்கும் கேடு. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நன்றி.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். காம்பராவில் விட முடியாமல் அம்மா என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாங்கள் படியின் அடியில் இருக்கும்போதே மேலே சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை அன்றைக்குப் படிவரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். யாரும் இல்லை. பொய் சொன்னதற்காகப் பாக்கியம் பெரியம்மாவை விரட்டிவிட்டார். நாங்கள் ஏற, அவள் வெறுங்கூடையோடு இறங்கினாள். நான் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் அது. ஒரு கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெயர் சத்தமாகச் சொல்லப்பட்டால் யாருக்கோ எதுவோ நடக்கும் என்கிற பயம். விரிவுரை மண்டபம் வரைக்கும் அது என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஏம்மா, பாக்கியம் பெரியம்மாவ வெரட்டுனாங்களே, அன்னைக்கு நீ ஏன் ஒன்னும் பேசல?"

"இப்ப எதுக்குடி அந்தக் கத? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். சொல்லும்மா."

"அவதான் கண்ணக் காட்டுனா, பேசாதேன்னு. பேசுனா எனக்கும் வேல இல்லாமப் போகும். நானும் வாய மூடிக்கிட்டுப் போயி நின்னேன், ரெண்டாந்தரம் பேரு கூப்புட்டப்ப ஆள் இருக்குன்னு சேத்துக்கிட்டாரு."

"பொறகு?"

"பொறகென்ன. அந்திக்கு கொஞ்சம் மாவும் தேங்காயும் குடுத்தனுப்புனேன். வாங்கிக்கிட்டா. ஆனா அதுக்கப்பறம் அவ யாருக்குமே கொரல் குடுக்கல. எனக்குங் குடுக்கல." பிறகு தானாகவே சொன்னாள், "அவள எல்லாரும் பொய்க்காரின்னாங்க, பாப்பா. நான் ஒருத்தி இல்லேன்னு சொல்லியிருந்தா போதும்."

சனிக்கிழமை நஸ்ரினைப் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் பிடித்தேன். தலைவர் கேட்டதைச் சொன்னேன்.

"தெரியும். எனக்கும் செல்லீட்டாங்க."

"எப்ப?"

"போன வருஷமே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சென்னா நீங்க என்ன வகுப்புக்கு வர வேணாம்னு செல்லீப்பீங்க." பனிசைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தாள். "இங்க பாருங்க. திங்கக்கெழம எழும்பி நின்டு எனக்குப் படிப்பிக்கப் பயம், இவதான் காப்பாத்தினான்னு செல்லப் போறீங்களா? அந்த எடம் உங்களுக்கும் இல்லாமப் போயிரும். வேற ஆருட பேரயாவது செல்லுங்க. லாப் சாவி தாற அண்ணன்ட பேரச் செல்லுங்க, அவரும் நல்லவர்தானே."

"அப்ப நீங்க?"

"நான் வாப்பாட கடையில ஆணி நிறுத்துக் குடுப்பேன். நீங்க தோட்டத்துக்குப் போய் கொழுந்தா எடுக்கப் போறீங்க? உங்களுக்குக் கூடையும் சரியா மாட்டத் தெரியாது."

சிரித்தேன். அது உண்மை. ஆனால் அவள் சிரிக்கவில்லை, கண்ணைக் காட்டினாள். பேசாதே என்கிற கண். நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன், ஒரு படியில், காய்ச்சலோடு.

வீட்டில் அம்மா லயம் முழுக்க, மக கெம்பஸ்ல படிச்சுக் குடுக்குது என்று சொல்லிவைத்திருக்கிறாள். அந்த இடம் போனால் அம்மா அந்த வரியை என்ன செய்வாள் என்று நினைத்தால் இரவுச் சோறு இறங்கவில்லை. ஆனால் பெரட்டில் மௌனம் ஒரு கூரை, குரல் கொடுத்தவளும் பிந்தி வந்தவளும் அதன் கீழே நின்றார்கள். இங்கே அதே மௌனத்தின் கீழே நான் மட்டும் நனையாமல் நிற்கிறேன். அவள் வெளியே நிற்கிறாள். ஊரில் கற்ற நன்றியை நான் இடம் மாற்றி வைத்துவிட்டேன் போல.

இன்று ஞாயிறு. மத்தியானம் போய்ப் பார்த்தேன். தகரக்கூரையைக் கழற்றிவிட்டார்கள். மேலே வானம் நேராக இறங்கி, கரும்பலகை நனைந்துகொண்டிருந்தது. வராந்தாவில் அடுக்கிய நாற்காலிகளில் நல்லவற்றைப் புதிய கட்டடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். நீல நாடா நாற்காலி உடைசல்களோடு போய்விட்டதாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா நின்ற பெரட்டுக் களத்திலும் இப்போது ஆள் நிற்பதில்லை. மண்சரிவுக்குப் பயந்து அந்தப் பக்கத்து லயங்களைக் காலி செய்துவிட்டார்கள், படியில் புல் முளைத்துக் கிடக்கிறது. பாக்கியம் பெரியம்மா கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். அவளுடைய போன் இலக்கம் அம்மாவிடம் இல்லை.

கூட்ட அறையில் வட்ட மேசைதான், கடைசி வரிசை கிடையாது. நாளைக்கு உள்ளே போகும் முன் நஸ்ரினை வாசலில் நிறுத்தி ஒன்று கேட்கப் போகிறேன். அந்த டின்னைப் பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். நான் காதை இழுத்தாலும் கேள்வி கேட்க வேண்டாம். அவள் திட்டுவாள். திட்டட்டும்.

பிறகு எழுந்து நின்று முதலில் அவளுடைய பெயரைச் சொல்வேன். பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், என் தொண்டையை நம்ப முடியாது. அதன் பிறகு என்ன செய்தாள் என்று சொல்லத் தொடங்குவேன். நடுவில் பூட்டிக்கொண்டால் பூட்டிக்கொள்ளட்டும். எந்தச் சத்தமும் இல்லாத அறையில் நான் எப்படி நிற்பேன் என்று எல்லோரும் ஒரு தரம் பார்க்கட்டும்.