லோறன்ஸும் காது வெட்டிய குட்டியும்

ஜெர்மனியின் ஹம் நகரத்து உணவகமொன்றில் தட்டுக் கழுவும் லோறன்ஸ், வயது முப்பத்தாறு, பிறந்த இடம் மன்னார், நாய்களோடு எந்தச் சகவாசமும் வைத்திருந்தவரல்ல. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு நாய்க்குட்டியின் இரண்டு காதுகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. குட்டியின் மிச்சப் பாகங்களும் கூடவே வந்தன.

முதலாளி கிளவுஸ் அந்த டொபர்மான் குட்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் காது வெட்டுவித்திருந்தார். ஜெர்மனியில் அது தடை. சட்டத்தை மதிக்கிறவர் என்றபடியால் வெளிநாட்டில் செய்வித்தார். இப்போது மனைவியோடு இரண்டு கிழமை ஸ்பெயினுக்குப் போகவேண்டும். ஒரு தாள் துண்டில் எழுதித் தந்தார்: தையல் நனையக் கூடாது, சொறிய விடக் கூடாது, நாளுக்கொரு தரம் கட்டு மாற்ற வேண்டும், ஒருவருக்கும் சொல்லக் கூடாது. காது நிமிர்ந்து நிற்கவேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

லோறன்ஸின் அசூல், அதாவது அகதித் தஞ்ச விண்ணப்பம், ஆறு வருடமாக முடிவில்லாமல் கிடந்தது. கோப்பில் ஒரு குற்றம் ஏறினால் கதை முடிந்தது. வேலை போனாலும் அதே கதைதான். ஆகவே ஓம் என்றார்.

முதல் நாளே கட்டுத்துணி முடிந்துவிட்டது. குசினியிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் துணியைக் கிழித்து, காது நிமிரவென்று வெட்டிய இடத்திலேயே உச்சந்தலையில் வைத்துவிட்டிருந்த நுரைக் கோப்பையையும் அதில் ஒட்டியிருந்த காதுகளையும் சேர்த்து, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியச் சுற்றினார். கடமையில் குறைவைக்காத மனிதர். முடித்துவிட்டு ஓரடி பின்னுக்குப் போய்ப் பார்த்தார்.

அறை நடுவில் ஒரு தலையாட்டி இருந்தது.

தலையாட்டி யாரென்று மன்னாரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரை ஆமி சுற்றிவளைக்கும். ஆண்களை வரிசையில் விடும். ஜீப்புக்குள் சாக்கால் மூடிய ஒருவன், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். எண்பத்தாறில் லோறன்ஸ் முன்னால் போனபோது சாக்கு அசையவில்லை. பின்னால் வந்த தம்பி யூட்சனுக்கு அசைந்தது. அதன்பிறகு யூட்சனைக் கண்டவர் இல்லை.

குட்டிக்குக் காது கடித்து அரித்தது. தலையை மேலும் கீழும் ஆட்டியது.

கழிப்பறைக்குப் போவதென்றாலும் அதன் முன்னால்தான் நடக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் லோறன்ஸ் சட்டைப் பொத்தானைப் பூட்டி, பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கையிரண்டும் தெரியப் போனார். சாப்பாட்டுக் கோப்பையைக் கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளிவிட்டார். கட்டு மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

நாலாம் நாள் பக்கத்து வீட்டுக் கமலநாயகி அக்கா கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி, அறைக்குள்ள ஏதோ நாறுது?"

"குட்டிக்குக் காதில புண் அக்கா."

"கட்டை அவிட்டுப் பாத்தனீரே?"

"ஏலாது அக்கா. அது பாக்குது."

"நாய் பாக்காமல் பேப்பரே வாசிக்கும்? தள்ளும்."

அக்கா அவிழ்த்தார். தன் பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது போட்ட மருந்தையே போட்டார்: தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள், தாராளமாக. பிறகு அதே துணியால் சுற்றினார். இரண்டு நாளில் தையல் ஊறி அவிழ்ந்தது. இடது காது வீங்கிச் சீழ் வைத்தது. குட்டி தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டது. லோறன்ஸுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. கோட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மிருக வைத்தியர், கண்ணாடி போட்ட ஒரு பெண், காதைக் கழுவி ஊசி போட்டார். பிறகு பேனையை எடுத்தார்.

"இதை வெட்டுவித்தது நீங்களா?"

லோறன்ஸ் குட்டியைத் திரும்பக் கோட்டுக்குள் வைக்கப் பார்த்தார்.

"இவ்வளவு விலைக் குட்டி உங்களுடையதாக இராது. உங்களுடைய முதலாளியா? பயப்படாதீர்கள். வாயால் சொல்லவும் வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்."

லோறன்ஸின் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. கண்ணிமைக்கவும் பயந்தார், அதையும் ஆட்டமாக எடுத்துவிடுவார்களோ என்று. உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்:

"நான்தான் வெட்டினேன்."

"எதால்?"

"கத்தியால்."

வைத்தியர் வலது காதில் மிஞ்சியிருந்த தையலைக் குனிந்து பார்த்தார். "இதையும் நீங்களா தைத்தீர்கள்? என்னைவிட வடிவாகத் தைக்கிறீர்களே." பெருமூச்சு விட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் லோறன்ஸ் என்று எழுதினார். முறைப்பாடு போகும் என்றும் சொன்னார்.

ஸ்பெயினிலிருந்து கறுத்துத் திரும்பிய கிளவுஸ், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும் நின்ற குட்டியைப் பார்த்து, இது எனக்கு வேண்டாம் என்றார். தட்டுக் கழுவ வேறு ஆள் பிடித்தார். வைகாசியில் அலுவலகக் கடிதம் வந்தது: விலங்கு வதை, விசாரணைக்கு நாள் குறித்த டேர்மின், பிரதி அசூல் கோப்புக்கு.

கமலநாயகி அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"விசரே உமக்கு? அந்தாளின்ர பேரைச் சொல்லியிருந்தா முடிஞ்சுதே."

"பேர் சொல்லச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பன் அக்கா," என்றார் லோறன்ஸ். "தலையை ஆட்டச் சொன்னவ."