முகிலனின் மார்பும் சிஸ்டரின் மாஸ்க்கும்

“என் வார்டுல நான் சிரிச்சு எவனும் பார்த்ததில்ல. இனிமேலும் பார்க்கப்போறதில்ல!”

உப்பளத்து அந்தோணிமேரி சிஸ்டர், பச்சிளங்குழந்தை வார்டின் பொறுப்பை ஏற்ற அன்று வெளியிட்ட பிரகடனம் இது. சிரித்தால் அப்பன்மார் டீ கிளாஸோடு உள்ளே வந்துவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. உள்ளங்கையில் அடங்கும் பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பும் அந்த முகத்தின் முன், பெரிய டாக்டரம்மாவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அங்கே வந்து சிக்கினான் உழவர்கரை முகிலன். ஏசி மெக்கானிக். மனைவி சுடர்விழி பிரசவத்தில் வலிப்பு வந்து ஐசியூவில் கிடந்தாள். குறைமாதத்தில் பிறந்த பெண்ணுக்கோ உடம்பில் சூடு நிற்கவில்லை.

“சட்டையக் கழட்டு. புள்ளய நெஞ்சுல ஒட்டி வெச்சுக்க. அந்தச் சூடுதான் இப்ப மருந்து.”

“வேணாம் சிஸ்டர்...”

“ஊரையெல்லாம் குளுர வெக்கிறல்ல? பெத்ததுக்குக் கொஞ்சம் சூடு குடு!”

கழற்றினான். மார்பில் பச்சை குத்திய கொட்டை எழுத்து: கார்குழலி.

“பத்தாவது படிக்கறப்போ குத்துனது. சுடருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.”

மாமியார் ஆயம்மா, கண்ணாடிக்கு வெளியே காவல்தெய்வமாக நின்றிருந்தார்.

சிஸ்டரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. குழந்தையை எழுத்தின்மேல் குப்புறப் படுக்க வைத்தார். பாதிப் பெயர்தான் மறைந்தது. மீதிக்கு ஒரு துண்டை இழுத்துவிட்டார்.

“அசையாத. உன் மூச்சப் பார்த்துதான் அவ மூச்சு விடக் கத்துக்கணும்.”

பிஞ்சுப் பாதம் சில்லென்றிருந்தது. போகும்போதும் வரும்போதும் சிஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம், “சூடு புடிச்சிட்டா,” என்றார், ஏதோ குற்றம் கண்டவர் போல.

அப்புறம் எடை ஏற ஏற, அவள் அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விழுங்கினாள்.

சுடர்விழி தேறி, சக்கர நாற்காலியில் வந்தாள். தள்ளிக்கொண்டு வந்தவர் மாமியார் ஆயம்மா. சிஸ்டர் பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுத்தார். துண்டும் கூடவே போய்விட்டது.

ஆயம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். முகிலன் இரு கையாலும் நெஞ்சைப் பொத்தினான்.

“கைய எடுங்க மாப்ள. புள்ளைக்கு என்னா பேரு வெக்கலாம்னு இத்தன நாளா நான் மண்டைய ஒடைச்சுக்கறேன். நீங்க எழுதியே வெச்சிருக்கீங்க. வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?”

சுடர்விழி குழந்தையின் உச்சியில் உதட்டை வைத்து, “கார்குழலி,” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை கொட்டாவி விட்டது.

சிஸ்டர் அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. மாஸ்க் நழுவி முகவாய்க்கு இறங்கியது. அதை மேலே இழுத்துவிட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.