தராசுக்கு ஊட்டிய விஷம்

ஆஸ்பத்திரியில் தராசுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஊட்டுகிறார்கள் என்று முடிதிருத்துபவர் என் காதருகே கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார். கத்தரி வைத்திருப்பவரை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. எழுந்து விசாரிக்கப் போனேன்.

தராசு என்பது எங்கள் தெருக்காரரின் பட்டப்பெயர். முப்பது வருடம் கடைகளில் எடைக்கல் சோதித்த அதிகாரி. ஓய்வு பெற்றபின் வீட்டுக்குள் சோதிக்கிறார், சர்க்கரை டப்பாவிலிருந்து மருமகனின் சிரிப்புவரை. அவர் மனைவி சொன்னதை ஆஸ்பத்திரி நர்ஸிடமும், நர்ஸ் சொன்னதை மனைவியிடமும் சரிபார்த்தேன். இரண்டும் அப்படியே ஒத்துப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

விஷம் ஒருவகையில் உண்மைதான். ஆஸ்பிரின் விழுங்கினால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிவிடும். மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழல் வைத்தபிறகோ, ஆஸ்பிரின் இல்லாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். ஆகவே மாத்திரையைக் கரைத்து, துளியிலும் துளியாகத் தொடங்கி, அரைமணிக்கொரு தரம் அளவைக் கூட்டி உடம்பைப் பழக்கினார்கள்.

முதல் சிரிஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார் தராசு.

“இதுல மருந்து எங்கம்மா இருக்கு? வெறும் தண்ணி.”

“இருக்கு சார், குடிங்க,” என்றாள் நர்ஸ்.

“அளவு ரொம்பக் குறையுதே.”

“அளவு சரியா இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க.”

சாயங்காலத்துக்குள் முழு மாத்திரையும் இறங்கியது. ஒரு தடிப்புகூட இல்லை. தினமும் ஒன்று போடவேண்டும், விட்டால் உடம்பு மறந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒன்றுமே ஆகாததுதான் அவரை உறுத்தியது. எல்லாம் சரியாக இருக்கும் கடைக்கு மறுநாளே சொல்லாமல் போய் நிற்பவர் ஆயிற்றே. மாத்திரையை நிறுத்திப் பார்த்தார். துவைக்க எடுத்த சட்டைப் பையில் நாலு மாத்திரை மனைவியின் கையில் சிக்கியது.

“என்னங்க இது?”

“சும்மா ஒரு சோதனை.”

“அடைச்சுக்கிட்டா ரிப்போர்ட்டை யார்கிட்டங்க குடுப்பீங்க?”

நல்லவேளை, அடைக்கவில்லை. ஆனால் உடம்பு மறந்திருந்தது. மறுபடி முதல் துளியிலிருந்து. அன்று ஞாயிறு, அந்த நர்ஸுக்கு விடுமுறை. அளந்து கொடுக்கப் பழகியவள் அவள் ஒருத்திதான். கூப்பிட்டதும் வந்தாள். ஆறாவது சிரிஞ்சில் முழங்கையில் தடிப்புகள் எழும்பின. ஊசி போட்டு, தணியும்வரை காத்திருந்து, மெதுவாகத் தொடர்ந்தாள். தராசு தடிப்புகளை எண்ணிப் பார்த்தார்.

“தண்ணி இல்லம்மா,” என்றார்.

முழு மாத்திரை இறங்கும்போது வெளியே விளக்கு போட்டாயிற்று.

“உங்க லீவைக் கெடுத்துட்டேன். என்ன வேணும், கேளுங்க.”

“ஒரு ஞாயித்துக்கிழமை சார்.”

ஓய்வு பெற்றவருக்கு ஏழு நாளும் ஞாயிறுதான். அவளுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் ஒன்றுகூட இல்லை. பாக்கி அப்படியே நிற்கிறது.