தில்லையம்பலம் அண்ணை வீடு வீடாகத் திருத்திய நாவல்

செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்குப் பக்கத்துத் தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க வரிசையில் நின்றபோது, தில்லையம்பலம் அண்ணையின் மகள் தர்ஷினியின் அழைப்பு வந்தது. "அங்கிள், அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார்" என்றாள். அழவில்லை. நான் வரிசையிலிருந்து விலகி வெளியே வந்தேன். பிறகு அவள் கேட்டாள்: "பேஸ்மென்ட்ல அப்பா எழுதின புத்தகம் பதினாலு பெட்டி கிடக்குது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எறியவும் மனம் வரேல்லை. ஆருக்கும் வேணுமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ?"

செத்தவீட்டில் கேட்டேன். இதை வாசிக்கும் மொன்றியல்காரர் உங்களில் வந்திருந்த பலரிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னீர்கள்: "எங்களிட்ட ஏற்கெனவே ஒண்டு இருக்குது."

தில்லையம்பலம் அண்ணை யாழ்ப்பாணத்தில் நில அளவைப் படம் வரைந்தவர். மொன்றியலில் இருபத்திரண்டு வருடம் டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் மரக்கறி வெட்டினார். நான் அவரை முதலில் கண்டது பச்சைத் தடத்து மெட்ரோவில். மடியில் பள்ளிக்கூடக் கொப்பி, கையில் பென்சில். ரயில் பெட்டி குலுங்கும்போது பென்சிலைத் தூக்கிக்கொண்டு, ஸ்டேஷனில் நின்றதும் எழுதுவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் படிப்பிக்கிறேன் என்று அறிந்த நாளிலிருந்து என்னை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்.

அவர் எழுதியது ஒரு யாழ்ப்பாண அரசனின் கதை. தெற்கிலிருந்து வந்த படை நல்லூரைப் பிடித்தபோது பிள்ளைகளோடு கடல் கடந்து ஓடி, பல வருடங்கள் கழித்துத் திரும்பிவந்து அரசை மீட்டவன். "அவன் ஓடினதுக்குச் சரித்திரத்தில ஒரு வரி இருக்குது மாஸ்டர். திரும்பி வந்ததுக்கு ஒரு வரி இருக்குது. நடுவில அவன் ஆரிட்ட இடம் கேட்டான், என்னத்தைச் சாப்பிட்டான் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. அந்த இடம்தான் எனக்குத் தெரிஞ்ச இடம்" என்றார்.

பதினொரு வருடம் எழுதினார். ஓய்வு நாள்களில் தானே கணினியில் தட்டினார். பதிப்பகங்களுக்கு அனுப்பினார், பதில் வரவில்லை. கடைசியில் இறந்துபோன மனைவியின் பெயரில் பூரணம் பதிப்பகம் என்று ஒன்றைத் தானே தொடங்கி, சென்னையில் அச்சிட்டுக் கப்பலில் எடுப்பித்தார். பெட்டிகள் வந்த அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். முதல் புத்தகத்தை என்னைத்தான் எடுக்கச் சொன்னார். "என்ர கையில வெங்காய மணம், மாஸ்டர். நீங்கள் விரிச்சுக் காட்டுங்கோ."

இனிச் சொல்லப்போவதை அவர் இருந்தபோதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தேவாலய மண்டபம் ஒன்றின் நிலக்கீழ் அறையில் வெளியீடு நடந்தது. விமர்சன உரை என்னுடையது. அன்றைக்கு நான் நாற்பது பக்கம்தான் வாசித்திருந்தேன். நேரம் இருந்தது, வாசிக்கவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தில் அரசன் மிளகாய்ச் சம்பலோடு சோறு சாப்பிடுகிறான். அதைப் பிடித்துக்கொண்டேன். "மிளகாய் போர்த்துக்கீசரின்ர கப்பலில எங்கட நாட்டுக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் கிடக்குது. அரசன் முன்கூட்டியே ஓடர் குடுத்திட்டார் போல." மண்டபம் சிரித்தது. நான் இன்னும் இரண்டு பகிடி விட்டேன். முன்வரிசையில் அண்ணையும் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டு வாசலில் நின்றார். கையில் கறுப்புப் பேனையும் அடிமட்டமும். "உங்கட புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ" என்றார். குசினி மேசையில் அமர்ந்து, மிளகாய் என்ற சொல்லை அடிமட்டம் வைத்து நேர்கோட்டால் வெட்டி, மேலே மிளகு என்று அச்சுப்போல எழுதினார். மொத்தம் மூன்று இடம். "பிழையோட ஆரின்ர வீட்டிலையும் கிடக்கக் கூடாது. படத்தில ஒரு கோடு பிழைச்சால் ஒருத்தன்ர காணி போயிடும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித் திரிந்தார். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஆற்றுக்கு அப்பால் லவால் நகரம் வரைக்கும் போனார். புத்தகம் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் அவரிடம் இருந்தது. பங்குனியில் ஒருநாள் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"முடிஞ்சுதோ அண்ணை?"

"ஓம். அறுபத்தொரு வீடு."

"எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பினம்."

"தேத்தண்ணி தந்தவை. நல்ல சனம்." பேனையைச் சட்டைப் பையில் செருகினார். "நாலு வீட்டிலதான் மாஸ்டர், பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சிருந்தவை. மிச்சம் எல்லாம் நான்தான் கிழிச்சனான். ஒரு வீட்டுப் பிள்ளை கேட்டுது, 'ஓ, உள்ள மேப்பும் இருக்குதோ?' எண்டு."

அது அவர் கையால் வரைந்த நல்லூர் வரைபடம்.

அந்த அரசனின் பிள்ளைகளைப் பற்றி இரண்டாவது நாவல் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பிறகு மெட்ரோவில் அவரைக் கண்டபோதெல்லாம் மடியில் கொப்பி இல்லை. யன்னலில் தெரியும் சுரங்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் எழுதவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "அந்தப் பிள்ளையள் என்ன ஆனவை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சது போதும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது குரல் மிகவும் இறங்கியிருந்தது. தர்ஷினி குடிக்கக் கோப்பி வாங்க வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டார்: "மாஸ்டர், மிளகாயை விடுங்கோ. மிச்சம் என்ன மாதிரி?"

வெளியீடு நடந்து நாலு வருடம் கடந்திருந்தது. நான் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

"நல்லா வந்திருக்குது அண்ணை" என்றேன்.

"எந்த இடம்?"

"முடிவு."

என் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஓம், முடிவு பரவாயில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காகவே அப்படிச் சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செத்தவீடு முடிந்த கிழமை, எஞ்சிய முந்நூறு பக்கத்தையும் வாசித்தேன். அவசரமான போர்க்களங்கள் உண்டு. நீளமான வசனங்கள் உண்டு. ஆனால் ஓடிப்போன வருடங்கள் வரும் பகுதியை வாசித்துவிட்டு நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். அந்நிய ஊரில் அரசன் இன்னொருவர் வீட்டுக் கொட்டிலில் இருக்கிறான். பிள்ளைகள் அந்த ஊர்ப் பேச்சைப் பேசிப் பழகி, தகப்பனின் பேச்சைக் கேட்டுத் தங்களுக்குள் சிரிக்கிறார்கள். அவன் கேட்காதவன்போல் விறகு அடுக்குகிறான்.

முதல்முறை கடலைக் கடக்கும்போது, தோணிக்காரன் அவன் பெயரைக் கேட்கிறான். அரசன் வாயில் வந்த வேறொரு பெயரைச் சொல்கிறான். அத்தனை வருடங்களும் அந்தப் பெயரிலேயே வாழ்கிறான். முடிசூடிய பிறகு ஒருநாள் துறைமுகத்தில் அதே தோணிக்காரன், கிழவனாகி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். சுற்றி நின்ற யாருக்கும் விளங்கவில்லை. அரசன் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறான். நாவல் அங்கே முடிகிறது. அது என்ன பெயர் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.

எனக்கு அதை அவரிடம் கேட்க வேண்டும். ஏன் எழுதாமல் விட்டார்? மனதில் ஒரு பெயர் வைத்திருந்தாரா? நாவலை முடித்த வேறொருவர் இருந்தால் அவரோடாவது பேசலாம் என்று, உறையைக் கிழித்த அந்த நாலு வீடுகளையும் தேடிப்பிடித்து விசாரித்தேன். முடித்தவர் ஒருவரும் இல்லை.

தில்லையம்பலம் அண்ணையிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது இந்தக் கேள்வி மட்டும்தான். பதில் அவரோடு போய்விட்டது. அவர் இருந்த காலமெல்லாம் அது ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில் இருந்தது.